வெட்டி எடுத்த பதினாறு வினாடிகள்

கல்யாண வீடியோவில் எதை வெட்டி எறிய வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. மாப்பிள்ளை விடும் கொட்டாவி, பெண்ணின் அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வது, தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே போகிற சமையல்காரர், எல்லாம் போய்விடும். அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாதபடி ஒட்டிவிடுவேன். பேளுக்குறிச்சியில் நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டுடியோ வைத்துப் பதினேழு வருடமாகிறது. அவர் போட்டோ எடுப்பார். வீடியோவும் எடிட்டிங்கும் என்னுடையது. இந்த வெட்டி ஒட்டுகிற கைதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதே கை ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சாவு வீட்டுக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். மகனோ மகளோ வெளிநாட்டில் மாட்டிக்கொண்டு வர முடியாமல் போனால், எல்லாவற்றையும் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். முதல் தடவை போனபோது ஒன்றைக் கவனித்தேன். என் கண் திரும்பத் திரும்ப, படுக்க வைத்திருந்தவரின் தொண்டைக்குழிக்கே போனது. அசைகிறதா என்று பார்த்தது. சுற்றிலும் அழுகிறார்கள், மாலை விழுந்தாகிவிட்டது, ஆனாலும் என் கண் நம்ப மறுத்தது. சில சமயம் அசைந்தது போலவே இருக்கும். ஸ்டுடியோவுக்கு வந்து அந்த இடத்தை மட்டும் பத்துத் தடவை போட்டுப் பார்ப்பேன். அசைந்திருக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் பத்து நிமிடம் தாமதித்தால் மனதுக்குள் கருமாதி வரைக்கும் போய்விடுகிற ஆள் நான். அதனால் இதை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் சென்னையில் கல்யாண வேலைக்குப் போன இடத்தில், பக்கத்துக் கண்காட்சிக்கூடத்துக்குள் வெயிலுக்கு ஒதுங்கினேன். இருட்டு அறை. சுவர் முழுக்க ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. கதை இல்லை, பாட்டு இல்லை, பேச்சு இல்லை. ஒரு கிழவரின் கை ஒரு போர்வையை மெல்ல மெல்ல இழுத்து விடுகிறது. அவ்வளவுதான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை நான் எடுத்திருந்தால் என் வாடிக்கையாளர்கள் என்னை விளக்குமாற்றால் அடிப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறேன். கால் வலித்ததுகூடத் தெரியவில்லை. நான் வெட்டி எறிகிற சமாச்சாரத்தை மட்டும் எடுத்து அவர்கள் சுவரில் போட்டிருந்தார்கள்.

புதியவர்களும் வேலை அனுப்பலாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து என் யோசனையை எழுதி அனுப்பினேன். பதினொரு பேர். ஒவ்வொருவரும் மல்லாந்து படுத்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிகிற வரை விடக் கூடாது. கேமரா தொண்டையையும் கழுத்தோரத்தையும் மட்டும் பார்க்கும். மூச்சு நின்றிருக்கும், நாடி மட்டும் தோலுக்கு அடியில் துடித்துக்கொண்டிருக்கும். அதை நாலில் ஒரு பங்கு வேகத்தில், ஒரு ஆள் உயரத்துக்குச் சுவரில் ஓடவிட வேண்டும். உயிர் உயிர் என்று இத்தனை பாடுபடுகிறோமே, அது இந்தச் சின்னத் துடிப்புதானா என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது. அனுப்புங்கள் என்று பதில் வந்துவிட்டது.

பத்துப் பேரைக் கீழே ஊரிலேயே பிடித்துவிட்டேன். பதினோராவது ஆளுக்கு மலைக்குப் போனேன். பெரக்கரை நாடு என்று சொல்கிற மலையூர்களில் மிளகும் குச்சிக்கிழங்கும் சாமையும் போடுகிற ஒருவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அவர் மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது நான்தான். சந்தைக்கு மிளகு கொண்டுவந்தால் ஸ்டுடியோவுக்கும் ஒரு எட்டு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். ஒல்லியான மனிதர், கழுத்தில் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் தெரியும். என் படத்துக்கென்றே செய்த கழுத்து.

"மூச்சுப் புடிக்கோணும், அவ்வளவுதானுங்களா அம்மிணி? ஓடையில முங்குனா ஊரே தேடுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். கேட்டுப் பாருங்க" என்றார்.

"அந்தப் பெருமைக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்றார் அவர் மனைவி. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கழுத்தைச் சுற்றி வேறு எதுவும் தெரியாமல் இருக்க ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவரைக் கட்டிலருகே நிறுத்தியிருந்தேன். கணவர் கண்ணை மூடியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "கண்ணத் தொறந்துக்கங்க. இப்படிப் படுத்துக்கிட்டு எதுக்குங்க கண்ண வேற மூடுறீங்க?" என்று அதட்டினார். நான் சிரித்தேன். கண் படத்திலேயே வராது, திறந்துகொள்ளட்டும் என்றேன். உச்சி வெயில். அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். பதினொரு பேரிலேயே அதிக நேரம் பிடித்தவர் அவர்தான். விட்டதும் எழுந்து உட்கார்ந்து, சற்று நேரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "செயிச்சனா?" என்றார்.

எடிட் செய்ய உட்கார்ந்தபோது அவர் படத்தில் ஒரு கோளாறு இருந்தது. நாடி ஒழுங்காகத் துடித்துக்கொண்டு வருகிறது. திடீரென்று படம் உறைந்து நிற்கிறது. நாலில் ஒரு பங்கு வேகத்தில் பதினாறு வினாடி. பிறகு ஒரு பெரிய துடிப்போடு மறுபடி ஓடுகிறது. மெமரி கார்டு அந்த மாதம்தான் வாங்கியது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்த வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கார்டு சரியில்லை என்றால் படம் இப்படித்தான் நடுவில் நிற்கும், எங்கள் தொழிலில் எல்லோரும் பட்டது. உறைந்த பதினாறு வினாடியை எடுத்துவிட்டு, முந்தின துடிப்பையும் பிந்தின துடிப்பையும் ஒட்டினேன். அந்தப் பெரிய துடிப்பையும் கொஞ்சம் மட்டுப்படுத்தினேன். நாடி ஒரே சீராக ஓடியது. எங்கே வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு என் கையை நினைத்து எனக்குக் கர்வமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்று வாரம் கழித்து, சென்னைக்கு அனுப்புவதற்கு முன்னால் பெரிதாகப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று தெரிந்தவரின் காலி மிளகுக் குடோனைக் கேட்டு வாங்கினோம். முற்பகல். ஷட்டரை இறக்கிவிட்டுச் சுவரில் ஓடவிட்டோம். அறை முழுக்க மிளகு நெடி. ஒவ்வொரு தொண்டையாக வந்து போனது. என் வீட்டுக்காரர் ஒரு சாக்கு மூட்டையில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டார். கடைசியாக மலைக்காரரின் கழுத்து வந்தது.

"ஏம்புள்ள, அந்த வேர்வை என்ன தவளை மாதிரி குதிக்குது?" என்றார்.

எரிச்சலோடு அந்த இடத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். காதுக்குக் கீழே, படத்தின் ஓரத்தில், ஒரு வியர்வைத் துளி வழிந்துகொண்டிருந்தது. லேப்டாப்பில் அது கடுகளவு, என் கண்ணில் பட்டதே இல்லை. சுவரில் அது எலுமிச்சை அளவு இருந்தது. நான் ஒட்டிய இடம் வந்ததும் துளி சட்டென்று நாலு விரற்கடை கீழே குதித்தது.

"ஒட்டு தெரியுது. திரும்ப எடிட் பண்ணு" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படம் உறைந்து நின்றிருந்தால் வியர்வையும் அதே இடத்தில் நின்றிருக்க வேண்டும். உறைந்ததை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினால் துளி குதிக்கக் காரணமே இல்லை. துளி நகர்ந்திருக்கிறது. அப்படியென்றால் படம் நிற்கவில்லை. கேமரா ஓடியிருக்கிறது, கார்டு ஒழுங்காகப் பதிந்திருக்கிறது, வெயில் அடித்திருக்கிறது, வியர்வை வழிந்திருக்கிறது. நின்றது வேறு.

வெட்டாத மூலப் படத்தைத் தேடி, அதே மெதுவான வேகத்தில் சுவரில் போட்டேன். நாடி துடித்தது, துடித்தது, நின்றது. தோல் சும்மா இருந்தது. காதடியில் இருந்து அந்தத் துளி ஆற அமரக் கீழே இறங்கியது. பதினாறு வரை எண்ணினேன். என் வீட்டுக்காரர் மூட்டையில் இருந்து எழுந்துவிட்டார். அவர் கை அவருடைய கழுத்துக்குப் போயிருந்ததைப் பார்த்தேன். என் கையும் என் கழுத்தில்தான் இருந்தது.

"பதினாறுன்னா, நெசத்துல நாலு செகண்டு" என்றார் மெதுவாக.

"மூச்சைப் புடிச்சா எல்லாத்துக்கும் அப்படி ஆகுமோ என்னமோ" என்றேன். நானே என்னைத் தேற்றிக்கொண்ட விதம் அது. உடனே அவரை அதே மூட்டைகள் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் அவர் கழுத்தைக் கண் கொட்டாமல் பார்த்தேன். நாடி ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. மற்ற பத்துப் பேரின் மூலப் படத்தையும் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் நிற்கவில்லை.

அப்போதுதான் எனக்கு மாதம் ஞாபகம் வந்தது. தை. மிளகுப் பறிப்பு. மூன்று வாரமாக அந்த மனிதர் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் ஏறிக்கொண்டிருக்கிறார். நாற்பதடி உயரம், ஒற்றை மூங்கில் ஏணி, இடுப்பில் சாக்கு. அங்கே வைத்து நாலு வினாடி நின்றால்? போன் போட்டேன். எல்லைக்கு வெளியே என்றது. அவர்கள் வீட்டில் போனை ஆணியில் மாட்டி வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போவார்கள், அந்த ஆணிக்கும் மழை இல்லாத நாளில்தான் சிக்னல் கிடைக்கும். ஏழு தடவை போட்டேன். ஏழு தடவையும் அதே குரல்.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பினோம். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. எழுபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதை எண்ணிக் குதூகலிப்பார்கள். நான் அன்று ஒவ்வொரு பலகைக்கும் அவர் ஒரு கொப்பு மேலே ஏறுவதாக நினைத்துக்கொண்டே போனேன். இருபத்து மூன்றாவது வளைவில் குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிய லாரியும் ஒரு பஸ்ஸும் எதிரெதிரே வந்து, யார் பின்னால் போவது என்று நின்றுகொண்டிருந்தன. இறங்கிப் போய் லாரி டிரைவரிடம் கத்தினேன். "ஏனுங்க அம்மிணி, என்ன உசுரா போவுது?" என்றார் அவர். ஆமாங்க என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு லாரியைப் பின்னால் எடுத்தார்.

வழியெல்லாம் இன்னொரு கணக்கும் ஓடியது. அன்றைக்கே கார்டைக் குறை சொல்லாமல் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். சாவு வீட்டில் அசையாத தொண்டை அசைகிறதோ என்று பத்துத் தடவை போட்டுப் பார்த்தவள், உயிரோடு இருக்கிறவரின் நாடி நின்றதைப் பார்த்து, அதைக் கோளாறு என்று துடைத்து எறிந்திருக்கிறேன். அதற்கும் மேலே, மூச்சைப் பிடிக்கச் சொன்னதே நான்தானே. அந்த நிறுத்தத்தை நானே அவருக்கு உண்டாக்கிவிட்டேனோ? இது ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் வந்து வந்து போனது.

வீடு திறந்துகிடந்தது, ஆள் இல்லை. ஆணியில் போன் தொங்கியது. பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடினேன். மரத்தடியில் அக்கா நின்றிருந்தார், மேலே பார்த்தபடி. நானும் பார்த்தேன். உச்சிக்குப் பக்கத்தில் இலைகளுக்கு நடுவே அவருடைய பனியனின் வெள்ளை தெரிந்தது. உயிர் வந்தது எனக்கு. வாயைத் திறந்து "அண்ணா" என்று கத்தப் போனேன். அக்கா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். மிளகுக் கொடி வாசம் அடித்தது அந்தக் கையில்.

"மேல இருக்கறப்பக் கூப்புடக் கூடாதுங்க" என்றார், குசுகுசுவென்று.

அது அந்த ஊர்ப் பழக்கம். மரத்தில் இருக்கிறவரைக் கீழேயிருந்து கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் பிடி விட்டுப்போகும். வீட்டில் நெருப்பே பிடித்தாலும் அவர் தானாக இறங்குகிற வரை வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அது புரிந்தது, நியாயமாகவும் பட்டது. ஆனால் என் நெஞ்சுக்குள் இருந்ததை வைத்துக்கொண்டு அங்கே எப்படிச் சும்மா நிற்பது? அக்காவின் காதில் சொன்னேன். படத்தில் பார்த்ததை, நாலு வினாடியை, நான் வெட்டியதை, எல்லாம். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண் மேலேயே இருந்தது.

"சாக்கு நெறஞ்சா எறங்குவாருங்க" என்றார்.

மூவரும் நின்றோம். அவர் கை கொடியில் போவதும் சாக்குக்கு வருவதும் தெரிந்தது. மிளகுக் கொத்து ஒன்றிரண்டு தவறி எங்கள் மேல் விழுந்தது. அந்தக் கை அசைகிற வரைக்கும் நான் மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் கை நின்றது. நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். இளைப்பாறுகிறாரா, இல்லை வேறு ஏதாவதா? என்னையறியாமல் நான் முன்னால் போய்விடுவேன் என்று பயந்து என் வீட்டுக்காரர் என் தோள் பையைப் பிடித்துக்கொண்டார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

கை மறுபடி அசைந்தது. அக்கா எண்ணுவதை நிறுத்தினார்.

அவர் இறங்கி வந்து சேர இன்னும் கால் மணி நேரம் ஆனது. கால் தரையில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோனார். "என்னுங்க அம்மிணி, ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சும்?" என்றார். உங்களுக்குத்தான் அண்ணா என்று சொல்லி, கல்லின் மேல் லேப்டாப்பை வைத்துப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். "படம் புடிக்க வந்தீங்க, டாக்டராயிட்டீங்களா? மிசினுக்குக் கிறுக்குப் புடிச்சா எனக்கு என்னுங்க?" என்றார். வியர்வைத் துளியை விரலால் தொட்டுக் காட்டினேன். அது இறங்குவதைப் பார்த்தார். பக்கத்தில் அசையாமல் இருந்த தன் கழுத்தையும் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அப்போது அக்கா பேசினார். "மார்கழியில இருந்து நாலு தடவ பாத்துட்டனுங்க. மேல போயி மரத்தக் கட்டிக்கிட்டு நின்னுடுறாரு. கேட்டா, காத்து வாங்குனேம்பாரு. நானும் கீழ நின்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். இருபது எண்ணறதுக்குள்ள அசைஞ்சுருவாரு. இருபத்தொண்ணு ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாதுங்க. கூப்புடவும் கூடாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிறுகிறுப்பு வரும் என்றும், கண் இருட்டும் என்றும், துண்டால் இடுப்பை மரத்தோடு கட்டிக்கொள்வதாகவும் மெதுவாக ஒப்புக்கொண்டார். பறிப்பு முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தாராம். அக்கா அவரைத் திட்டவில்லை. உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து, "நடங்க" என்றார்.

மலையில் இருந்த ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த காகிதம் ஒழுங்காக இருந்தது. ஒரு குறையும் இல்லை. மலைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு அவமானமாக இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். உண்மையில் நான் வாழ்க்கையிலேயே அப்படி ஆசைப்பட்டதில்லை, நான் முட்டாளாகிவிட வேண்டும் என்று. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கட்டும், அந்தக் கார்டு மோசமானதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். டாக்டர் இளம்பெண். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் படத்தை மூன்று தடவை பார்த்தார். மூச்சைப் பிடித்தால் சிலருக்கு நாடி மெதுவாகலாம் என்றார். "ஆனா மரத்து மேல இவர் மூச்சைப் பிடிக்கலையே" என்று தானே சொல்லிக்கொண்டார். ஒரு நாள் முழுக்க மிஷினை மாட்டியே வைத்துப் பார்க்க வேண்டும் என்று கீழே நாமக்கல்லுக்கு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் அந்த மிஷினின் காகிதத்தை மீட்டர் கணக்கில் மடித்து வைத்திருந்தார்கள். மூன்று இடத்தில் கோடு நேராகப் போயிருந்தது. சும்மா படுத்திருந்தபோதே. அதில் ஒன்று ஆறு வினாடி. நான் உண்டாக்கிய நோய் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. அந்த வாரமே காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். இனி நின்றால் அது தட்டி ஓடவிடும். மரம் ஏறுகிற பேச்சே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குத்தான் அவர் அழுதார், ஆபரேஷனுக்கு அழவில்லை.

படத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரையே கேட்டேன். "எடுத்ததத் திரும்ப வெச்சிருங்க அம்மிணி. இருந்தது இருந்தபடி இருக்கட்டும்" என்றார். பதினாறு வினாடியையும் அந்தப் பெரிய துடிப்பையும் இருந்த இடத்திலேயே வைத்தேன். சென்னையில் ஓட ஆரம்பித்த இரண்டாம் நாள் கூடத்தில் இருந்து போன் வந்தது. கடைசிப் படம் ஓரிடத்தில் சிக்குகிறது, வேறு காப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். வியர்வையைப் பாருங்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் காப்பி கேட்கவில்லை. நான் அந்தக் கண்காட்சிக்குப் போகவில்லை. இப்போதும் பகலில் வீட்டுக்காரர் தூங்கினால்கூட நான் அவர் கழுத்தைத்தான் பார்க்கிறேன். ஒரு நாள் விழித்துக்கொண்டு, "இன்னும் ஓடுது, போயி வேலையப் பாரு" என்றார்.

மாசியில் ஒரு சந்தை நாளில் மலைக்காரரும் அக்காவும் கீழே வந்தார்கள். மிச்ச மிளகை அந்த வருடம் வேறு ஆள் பறித்துக் கொடுத்திருந்தார். படத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கு இஷ்டமில்லை. அக்கா எப்படித் தாங்குவார் என்று பயம். "நான் பாக்காததா?" என்றார் அக்கா. அதே குடோனுக்குப் போனோம். இப்போது பாதி மூட்டைகள் நிறைந்திருந்தன. அவர்கள் இருவரையும் முன்னால் இரண்டு மூட்டைகளில் உட்கார வைத்துவிட்டு ஷட்டரை இறக்கினேன். வெளியே சந்தைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்துத் தொண்டைகள் போயின. பிறகு அவருடையது வந்தது. ஆள் உயரத்துக்கு அந்தக் கழுத்து, அந்த நரம்பு, காதடியில் வியர்வைத் துளி. அவர் தன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு, ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடி துடித்தது, துடித்தது, நின்றது. அக்காவின் உதடு அசையத் தொடங்கியது. துளி இறங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது. அக்கா இரண்டு கையாலும் மூட்டையின் காதைப் பிடித்திருந்தார். பதினொன்று, பன்னிரண்டு.

சட்டென்று எழுந்து நின்றார்.

"ஏனுங்க!" என்று கத்தினார், சுவரைப் பார்த்து. குடோன் அதிர்ந்தது. "ஏனுங்க! கேக்குதுங்களா? ஏனுங்க!"

முப்பது வருடம் மரத்தடியில் வாயை மூடிக்கொண்டு நின்றவர். கல்யாணமான நாளில் இருந்து சேர்த்து வைத்திருந்த குரல் அது. வெளியே சந்தையில் யாரோ பேச்சை நிறுத்தியது எங்களுக்குக் கேட்டது.

சுவரில் நாடி பெரிதாக ஒரு தடவை துடித்தது.

பக்கத்து மூட்டையில் இருந்தவர் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். "இங்கதான் புள்ள இருக்கேன். கேக்குது. உக்காரு" என்றார்.